உஷார்! முகட்டில் வௌவாலா? தங்கூசி வலை கட்டாதீர்கள்!

வௌவால் தொல்லை தாங்கவில்லை என்று பழைய தங்கூசி வலையை முகட்டில் கட்டப் போகிறீர்களா? நில்லுங்கள். முதலில் இதைப் படியுங்கள்.

வாவியோரத்தில் எந்த வீட்டில்தான் பழைய வலை இல்லை? ஆரையம்பதிப் பக்கம் ஒரு வீட்டிலும் அப்படித்தான் கட்டினார்கள். விடியப் பார்த்தால் நாலைந்து வௌவால்கள் சிக்கித் துடிக்கின்றன. அம்மம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. வெறுங்கையால் ஒன்றை எடுத்துவிடப் போனார். விரலில் ஒரு கடி. ஊசி குத்தினாற்போல இரண்டு புள்ளி, அவ்வளவுதான். மஞ்சளைத் தடவிவிட்டு உலை வைக்கப் போய்விட்டார். அடுத்த நாள் வந்த குடும்பநல மாது பேச்சுவாக்கில் இதைக் கேட்டுப் பதறி, கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தடுப்பூசி போட்டார்கள்.

நாய் கடித்தால் ஓடுகிறோம். வௌவால் கடித்தால் மட்டும் ஏன் சும்மா இருக்கிறோம்? விசர்நோய் விஷயத்தில், வௌவாலை நேரே தொட நேர்வதையே ஆக ஆபத்தான மூன்றாம் வகையில் சேர்த்திருக்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்டிப் பக்கம் கன்னொருவையில் பழந்தின்னி வௌவால்களில் விசர்நோய்க் கிருமிக்கு உறவான வைரஸ் இருந்ததை 2016இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது மரத்தில் தொங்கும் பெரிய இனம். நம் ஓட்டிடுக்கில் இருப்பவை நுளம்பும் பூச்சியும் தின்னும் சின்ன வௌவால்கள். எல்லாவற்றுக்கும் நோய் இல்லைதான். எதற்கு இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியுமா? குணங்குறி தெரிந்த பிறகு விசர்நோய் வந்தவரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம்.

பகலில் நிலத்தில் கிடக்கும் வௌவாலைத் தொடவே தொடாதீர்கள். பூனை கவ்விக்கொண்டு வந்தாலும் அதேதான். பிள்ளை நித்திரை கொண்ட அறைக்குள் விடியக்காலை வௌவால் கிடந்தால், காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் தடுப்பூசிக்குக் காசு இல்லை.

சுவரடியில் கறுப்பாய்ச் சின்னப் புழுக்கையா? எலியென்று நினைக்காதீர்கள். ஈர்க்கால் நசித்துப் பாருங்கள். உதிர்ந்து பூச்சிச் சிறகுத் துகள் மினுங்கினால் வௌவால்தான். அதைத் தும்புத்தடியால் கூட்டாதீர்கள்! அந்த எச்சத்தில் வளரும் ஒரு பூஞ்சணம் தூசியோடு உள்ளே போனால் நுரையீரலைப் பிடிக்கும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே அள்ளுங்கள்.

சரி, எப்படி அனுப்புவது? மைமலில் வெளியே நின்று, எந்த இடுக்கால் பறக்கின்றன என்று பாருங்கள். பெருவிரல் அகலமே அவற்றுக்குப் போதும். தாய் போன பிறகு உள்ளே கீச்சுக்கீச்சென்று கேட்டால் குஞ்சு இருக்கிறது. பறக்கும்வரை பொறுங்கள். இல்லாவிட்டால் குஞ்சுகள் செத்து நாறும், தாய் வழி தேடி உங்கள் அறைக்குள்ளேயே இறங்கும். குஞ்சு இல்லையென்றால் நுளம்பு வலைத் துணியை இடுக்கின் மேலும் இரு பக்கமும் இறுக்கி, கீழே திறந்தபடி இரண்டடி தொங்கவிடுங்கள். அதில் சிக்காமல் வழுக்கி வெளியேறும், திரும்பி ஏறத் தெரியாது. ஒரு கிழமை விட்டு, உள்ளே சத்தமில்லை என்று பார்த்த பிறகு சீமெந்தால் அடையுங்கள்.

அடைக்க ஏறும்போது பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றில் கால் வைக்காதீர்கள், உடைந்து ஆளை உள்ளே தள்ளிவிடும். ஏணியைச் சுவரில் சாத்துங்கள், கீழே ஒருவர் பிடித்துக்கொண்டே நிற்கட்டும்.