உங்களுக்குத் தெரியுமா? மனித நொதி, பாக்டீரியாவின் உழைப்பு

நம் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ்-2 என்ற நொதியின் ஒரே ஒரு மூலக்கூறு, நொடிக்குச் சுமார் 10 லட்சம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளை பைகார்பனேட்டாக மாற்றிவிடும். நொதிகளிலேயே அதிவேகமானவற்றுள் இதுவும் ஒன்று.

இதை ஆராய யாரும் ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை. இதற்கான மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தினால், அதுவே நொதியைத் தயாரித்துத் தந்துவிடும். எல்லா மனிதப் புரதங்களுக்கும் இது கைகூடாது. பலவற்றில் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்க வேண்டும். ஆய்வகத்தில் வளர்க்கும் ஈ.கோலைக்கு அந்த வேலை தெரியாது. நல்லவேளை, இந்த நொதிக்கு அது தேவையே இல்லை.

சிரமமெல்லாம் சுத்திகரிப்பில்தான். பாக்டீரியாவை உடைத்தால் அதன் சொந்தப் புரதங்கள் எல்லாம் கலந்து வரும். அதனால், மரபணுவிலேயே ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் 6 கொண்ட சிறு வாலுக்கும் இடம் செய்துவிடுகிறார்கள். நிக்கல் அயனி ஏற்றிய நுண்மணிகள் நிரம்பிய குழாயில் கலவையை ஊற்றினால், வாலுள்ள புரதம் ஒட்டிக்கொள்ளும். மற்றவை பெரும்பாலும் வடிந்துவிடும். பிறகு இமிடசோல் கரைசலை விட்டால் ஒட்டியது கழன்று வரும். அதில் ஒரு சொட்டை ஜெல்லில் ஓட்டி நீலச் சாயம் ஏற்றினால், இந்த நொதியின் மூலக்கூறு எடையான 29,000 டால்டனை ஒட்டி ஒற்றைப் பட்டை தெரிய வேண்டும். கூடவே வேறு பட்டைகள் தெரிந்தால், மறுபடியும் சுத்திகரிக்க வேண்டியதுதான்.

இந்த நொதியை ஆராய்வதால் மருத்துவப் பலனும் உண்டு. கண் நீர் அழுத்த நோய்க்கான டார்சோலமைடு சொட்டு மருந்து, இந்த நொதியின் முப்பரிமாண அமைப்பைப் பார்த்தே உருவாக்கப்பட்டது. நொதியின் நடுவிலுள்ள துத்தநாக அயனியைப் பற்றிக்கொண்டு, அதன் வேலையை அந்த மருந்து நிறுத்துகிறது.