பால் குடித்துத் தீராத குறை

டீயை எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, சொல்கிறேன். "கால்சியம் குறைவென்றால் ரெண்டு டம்ளர் பால் கூடக் குடிக்க வேண்டியதுதானே?" என்று என் தங்கையைப் பற்றிக் கேட்டீர்கள். எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்புறம் அரிசி மணி அளவில் பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன, பெரும்பாலோருக்கு நான்கு. கொழுப்போடு கலந்து கண்ணுக்குத் தப்பும். மனித உடலில் இவற்றைத் தெளிவாக விவரித்து ஸ்வீடனின் இவார் சாண்ட்ஸ்ட்ரோம் எழுதியதே 1880-இல்தான். ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் இவை ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும். சிறுநீரில் வீணாகாமல் தடுக்கும். வைட்டமின் டி-யைச் சிறுநீரகத்தில் வேலை செய்யும் வடிவுக்கு மாற்ற வைக்கும். அந்த வைட்டமின் இருந்தால்தான் குடல் கால்சியத்தை நன்றாக உறிஞ்சும்.

தங்கைக்குத் தைராய்டு ஆபரேஷனில் இந்தச் சுரப்பிகள் அடிபட்டுவிட்டன. பலருக்குச் சில வாரங்களில் தேறிவிடும், அவளுக்குத் தேறவில்லை. ஹைப்போபாராதைராய்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பால் உள்ளே போகிறது, கால்சியத்தை உறிஞ்ச வைக்கும் ஹார்மோன் இல்லை. பாலிலுள்ள பாஸ்பரஸை வெளியேற்றுவதும் அதே ஹார்மோன்தான் என்பதால் அது வேறு ரத்தத்தில் ஏறும்.

அவளுக்கு முதலில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தது, பிறகு விரல் நுனி மரத்தது. "டென்ஷன், நரம்புத் தளர்ச்சி" என்றோம். ஒரு ராத்திரி விரல்கள் குவிந்து கை இழுத்துக்கொண்டது. அதன்பிறகுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த நாட்களை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. இந்தக் குறை முற்றினால் வலிப்பு வரும், இதயத் துடிப்பும் தடுமாறும்.

இப்போது கால்சிட்ரியால், அதாவது மாற்றித் தயாராக வைத்த வைட்டமின் டி, கூடவே சாப்பாட்டோடு கால்சியம். தைராய்டுக்கான தைராக்சின் மாத்திரை வெறும் வயிற்றில். கால்சியம் அதற்கு நான்கு மணி நேரம் தள்ளி. ரத்தத்தில் கால்சியத்தின் சாதாரண அளவு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்றால், இவளை அடி விளிம்பிலேயே நிறுத்துகிறார்கள். மேலே ஏற்றினால் ஹார்மோனின் தடுப்பு இல்லாமல் சிறுநீரில் கொட்டிக் கல்லாகும்.

உங்கள் மருமகளுக்கு அடுத்த மாதம் தைராய்டு ஆபரேஷன் என்றீர்களே. வீட்டுக்கு வந்தபின் உதடு மரத்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள் அக்கா. அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொல்லுங்கள்.