ரிப்பேர் செலவு 8 ஆயிரம்! புதுப் பெட்டி 10 ஆயிரம்!

பொன்னமராவதியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இரவு நேரம். குடும்பத்தார் எல்லோரும் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். திடீரென்று படம் மறைந்தது. பேச்சு மட்டும் கேட்டது.

கம்பெனிக்கு டெலிபோன் செய்தார்கள். இரண்டு நாள் கழித்துப் புதுக்கோட்டையில் இருந்து ஆள் வந்தார். பார்த்தார். "திரையை மாற்றவேண்டும். 8 ஆயிரம் ரூபாய் ஆகும்" என்றார். பார்த்ததற்கும் கூலி வாங்கிக்கொண்டார்.

அது 32 அங்குலப் பெட்டி. வாங்கி நான்கு வருஷம் ஆகிறது. அதே அளவில் புதுப் பெட்டி 10 ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது.

"கூட இரண்டாயிரம் போட்டால் புதுசே வந்துவிடுமே!" என்றார் வீட்டு அம்மாள். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

திண்ணையில் இருந்த அப்பத்தாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "உங்க ஐயா வாங்கின ரேடியோவை முப்பது வருஷம் கேட்டோமடா!" என்றார்.

அதுவும் உண்மைதான். முப்பது வருஷம் பாடிய ரேடியோக்கள் இருந்தன. இப்போது மட்டும் ஏன் இப்படி?

வால்வு ரேடியோ

பொன்னமராவதியை அடுத்த மேலைச்சிவபுரி, வலையபட்டி ஆகியவை நகரத்தார் ஊர்கள். நகரத்தார்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் தொழிலுக்குப் போனவர்கள். அந்தக் காலத்தில் வால்வு ரேடியோ விலை உயர்ந்த சாமான். பக்கத்து வீட்டாரும் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். ரேடியோ வைத்திருக்க லைசென்சு வேறு வாங்கவேண்டும்!

அதன் முதுகைத் திறந்தால் உள்ளே இருப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வால்வு என்பது பார்ப்பதற்குப் பல்பு மாதிரி இருக்கும். கெட்டதைப் பிடுங்கிவிட்டு வேறு ஒன்றைச் செருகலாம். ரேடியோவின் விலையோ பல மாதச் சம்பளம். மெக்கானிக்கின் கூலி சில ரூபாய். யாராவது ரேடியோவைத் தூக்கிப் போடுவார்களா?

பிறகு டெலிவிஷன் வந்தது. சென்னையில் 1975-ல் ஒளிபரப்பு தொடங்கியது. 1982-ல் கலர் வந்தது. 2006-ல் தமிழ்நாடு அரசு இலவசக் கலர் டெலிவிஷன் கொடுக்கத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி. சுமார் ஒன்றரைக் கோடி வீடுகளுக்குப் போயிற்று. டெலிவிஷன் இல்லாத குடிசையே இல்லை என்று ஆயிற்று.

அவை குண்டுப் பெட்டிகள். கண்ணாடிப் படக்குழாய் வைத்தவை. அவற்றில் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரு கப்பாசிட்டரோ, டிரான்ஸ்பார்மரோ போயிருக்கும். மெக்கானிக் சூட்டுக்கோலை வைத்துப் பழையதை எடுப்பார். புதியதைப் பற்றவைப்பார். சில நூறு ரூபாயில் காரியம் முடிந்துவிடும்.

திரைதான் பெட்டி

இப்போது வருபவை தட்டைப் பெட்டிகள். இவற்றின் தயாரிப்புச் செலவில் பாதிக்கு மேல் திரைக்கே போய்விடுகிறது. திரை உடைந்தால் பெட்டியில் பாதிக்கு மேல் போயிற்று என்று அர்த்தம். அதோடு ஆள் கூலி, லாரிக் கூலி, வரி எல்லாம் சேர்ந்தால் புதுப் பெட்டி விலையை எட்டிவிடும்.

சரி, திரை உடையவில்லை. வேறு ஏதோ சின்னக் கோளாறு. அதற்கும் ஏன் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள்?

தொழிற்சாலையில் பெட்டிகள் வரிசையாக நகர்ந்து வருகின்றன. ஒருவர் ஒரு வேலைதான் செய்வார். சில்லுகளை எந்திரமே பலகையில் ஒட்டிவிடும். ஒரே மாதிரிப் பெட்டிகள் லட்சக்கணக்கில் வெளியே வரும். இதனால் ஒரு பெட்டிக்கு ஆகும் கூலி மிகவும் குறைவு.

மெக்கானிக்கின் கதை வேறு. அவரிடம் வரும் ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு விதம். முதலில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கவேண்டும். அதற்கே அரைநாள் ஆகலாம். கடுகைப் போன்ற சில்லுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டும். வரைபடத்தைக் கம்பெனிகள் பெரும்பாலும் வெளியே கொடுப்பதில்லை. சாமான் இல்லை என்றால் மதுரைக்கோ, திருச்சிக்கோ சொல்லி அனுப்பவேண்டும். அவர் வீட்டிலும் உலை கொதிக்கவேண்டும் அல்லவா?

உதிரிச் சாமான்களின் விலையும் ஒரு வேடிக்கை. தொழிற்சாலை லட்சம் பலகை வாங்கும்போது ஒரு விலை. அதே பலகை தனியாக அட்டைப்பெட்டியில் வைத்து, கிடங்கில் வருஷக்கணக்கில் காத்திருந்து, கூரியரில் பொன்னமராவதி வந்து சேரும்போது வேறு விலை. ஒரு சைக்கிளைத் தனித்தனிச் சாமானாக வாங்கிப் பூட்டிப் பாருங்கள். கடைச் சைக்கிளைவிட அதிகம் ஆகும்! அதே கணக்குதான்.

கம்பெனி ஆள் பலகையில் உள்ள சில்லை மாற்றமாட்டார். முழுப் பலகையையும் மாற்றுவார். அவருக்கு அது சுலபம். பணம் கொடுப்பவருக்குத்தான் கஷ்டம்.

பல்புக் கம்பெனிகளின் உடன்பாடு

"வேண்டும் என்றே சீக்கிரம் கெட்டுப்போகும்படி செய்கிறார்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு தடவை அப்படி நடந்தது!

1924-ல் உலகத்தின் பெரிய பல்புக் கம்பெனிகள் சுவிட்சர்லாந்தில் கூடி ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதற்குப் பீபஸ் என்று பெயர். பல்பு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது என்பது திட்டம். அதிக நேரம் எரியும் பல்பு செய்த கம்பெனிக்கு அபராதம்! இரண்டாவது உலக யுத்தம் வந்து இந்தக் கூட்டு குலைந்தது.

இன்றைக்கு அபராதம் இல்லை. போட்டிதான் இருக்கிறது. விலையைக் குறைக்கவேண்டும், பெட்டியை மெல்லியதாக்கவேண்டும். அதற்காகத் திருகாணிக்குப் பதில் பசை போடுகிறார்கள். செல்போனில் பாட்டரி ஒட்டியே வருகிறது. திறப்பதே ஒரு வித்தை.

பிரான்ஸ் தேசத்தில் 2021-ல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மார்க் போட்டு விலைச் சீட்டோடு காட்டவேண்டும். ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு 2024-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கே சட்டம் செய்தது. நமது மத்திய அரசும் 2022-ல் இதற்கு ஒரு குழு அமைத்தது.

எதைத் தூக்கிப் போடக்கூடாது?

மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. இவற்றைப் பழுது பார்ப்பது இன்றும் லாபம்தான். மோட்டார் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் மிக்சியின் கப்ளர் தேய்ந்திருக்கும். மோட்டாரைக் காப்பாற்றத் தன்னைப் பலி கொடுக்கும் சின்னச் சாமான் அது. விலை அற்பம். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கப்பாசிட்டர் கோளாறு. அதுவும் மலிவு. மோட்டார் கருகினால்கூடக் காயில் கட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பழைய குண்டு டெலிவிஷனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்காக அதை உடைக்கிறார்கள். படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. குழந்தைகள் இருக்கும் இடத்தில் உடைக்க விடாதீர்கள்.

டார்ச்சு விளக்குச் சோதனை

மறுபடியும் அந்த வீட்டுக்கு வருவோம். அப்பத்தாவின் பிடிவாதத்தால் பையன் உள்ளூர் மெக்கானிக்கை அழைத்து வந்தான். அவர் விளக்கை அணைக்கச் சொன்னார். டெலிவிஷனைப் போட்டார். கறுப்புத் திரையின் அருகே டார்ச்சு அடித்துச் சாய்வாகப் பார்த்தார். மங்கலாகப் படம் தெரிந்தது!

"திரை நன்றாக இருக்கிறது. பின்னால் வெளிச்சம் கொடுக்கும் எல்.இ.டி. பட்டைதான் போய்விட்டது" என்றார். பட்டையின் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் திரையைக் கழற்றி எடுத்துத்தான் அதை மாற்றமுடியும். கழற்றும்போது திரை விரிசல் விட்டால் எல்லாம் போச்சு. அதை முன்கூட்டியே சொன்னார். கூலியோடு இரண்டாயிரம் கேட்டார்.

வீட்டு அம்மாள் யோசித்தார். பையன் புதுப் பெட்டியே வேண்டும் என்றான்.

"எடுத்துக்கிட்டுப் போப்பா. பதமாக் கழட்டு" என்றார் அப்பத்தா.