குன்றக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி வரை: ஒரு காலை நடை

ஒன்பதாம் வகுப்பில் தமிழ்ப் பிராமி பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "இதெல்லாம் எங்க டீச்சர் இருக்கு?" என்று ஒரு மாணவி கேட்டாள். "மதுரையைச் சுற்றி மலைகளில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். காரைக்குடியிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தொலைவில், நானே பலமுறை சாமி கும்பிடப் போன குன்றக்குடியில் அந்த எழுத்து இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பி.எட். முடித்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சமூக அறிவியல் நடத்தியவள் நான். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

காரணத்தை யோசித்தேன். நாம் பிள்ளைகளை வேனில் ஏற்றுகிறோம், கோயில் வாசலில் இறக்குகிறோம், தரிசனம் முடிந்ததும் திரும்பவும் ஏற்றிக்கொள்கிறோம். இடையில் இருக்கும் நிலத்தை யாரும் பார்ப்பதில்லை. குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் இடையே மூன்று, நான்கு கிலோமீட்டர்தான். அதை நடந்தே கடந்தால் என்ன என்று தோன்றியது.

நடப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கிறார்கள். நானூறு ஆண்டு மரபு என்கிறார்கள். இங்கிலாந்தின் வடக்கே ரோமானியர் கட்டிய ஹாட்ரியன் சுவரை ஒட்டி 135 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றை 2003இல் திறந்தார்கள். வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருக்கும் மேடு பள்ளங்களின் ஊடே, வரலாற்றைப் பார்த்துக்கொண்டே மக்கள் நடக்கிறார்கள். நம்மிடம் பெயர்ப்பலகை வைத்த பாதை இல்லையே தவிர, பார்க்க வேண்டியவற்றுக்குக் குறைவில்லை.

நடையைக் குன்றக்குடி மலையடிவாரத்தில் தொடங்குகிறோம். மேலே முருகன் கோயிலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் கீழே இருக்கும் குடைவரைகளைக் கவனிப்பதில்லை. அவை பாண்டியர் காலத்தவை, கி.பி. 8ஆம் நூற்றாண்டு வாக்கில் பாறையைக் குடைந்து உருவாக்கியவை. திருமாலின் பக்கத்தில் மனித வடிவில் நிற்கும் கருடனைப் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிடுகிறது. அங்கே நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: "இது கட்டிய கோயிலா, வெட்டிய கோயிலா?" பதில் வர நேரமாகும். கல்லின் மேல் கல் வைத்த இணைப்பு எங்காவது தெரிகிறதா என்று சுவரையே உற்றுப் பார்ப்பார்கள். தேடட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

அதே ஊரில் உள்ள இயற்கைக் குகைத்தளத்தில், முனிவர்கள் தங்கிய கற்படுக்கைகளோடு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் இருக்கிறது. வயது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு. நேரில் பார்த்தால் வெறும் கீறல் போலத்தான் தெரியும். ஆகவே முந்தின நாளே வகுப்பில் எழுத்தைப் பழக்கிவிடுவது நல்லது. 'க' என்பது கூட்டல் குறி, 'ர' என்பது ஒரு நேர்க்கோடு. இந்த இரண்டைச் சொல்லிக் கொடுத்தாலே மீதியைப் பிள்ளைகள் கேட்டு வாங்கி, தங்கள் பெயரை நோட்டின் அட்டையில் எழுதிவிடுவார்கள். நம் மாவட்டத்துக் கீழடியில் பானை ஓடுகளில் கிடைத்ததும் இதே எழுத்து என்று அப்போது சொன்னால் மனதில் நிற்கும். பாறையைத் தொடக் கூடாது, சாக்பீஸால் தடவிப் பார்க்கக் கூடாது என்பதையும் முந்தின நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளையார்பட்டிக் குடைவரையில் அடுத்த எழுத்து காத்திருக்கிறது. இரண்டே கைகளோடு பாறையில் செதுக்கிய பிள்ளையார் எல்லோருக்கும் தெரிந்தவர். அந்தக் குடைவரையின் தூணில் உள்ள சிறு கல்வெட்டு, தமிழ்ப் பிராமி வட்டெழுத்தாக மாறிவரும் நிலையைக் காட்டுகிறது. எழுத்தமைதியைக் கொண்டு அதை 5, 6ஆம் நூற்றாண்டு என்று கணிப்பவர்கள் உண்டு, பிந்தியது என்பவர்களும் உண்டு. அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருப்பதை மாணவர்களிடம் மறைக்க வேண்டியதில்லை. கோயிலில் உள்ள பிற்காலக் கல்வெட்டுகளில் நம் எழுத்தை ஒத்த எழுத்துகளைத் தட்டுத்தடுமாறியாவது அவர்களே படிக்கிறார்கள். புத்தகத்தில் ஒரு பக்கப் படமாக இருக்கும் எழுத்தின் வளர்ச்சி, இங்கே ஒரு காலை நடையில் அடங்கிவிடுகிறது.

முதல் ஆண்டு நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம், ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். பாதி வழியில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். காலையில் அவள் சாப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் அவள் அம்மா வந்து, "படிக்கத்தான அனுப்புறோம் டீச்சர், வெயில்ல நடக்குறதுக்கா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த நடை தை மாதத்தில், காலை ஏழு மணிக்கு. இட்லிப் பொட்டலம் கையில் கொடுத்து, சாப்பிட்டு முடித்த பிறகே கிளம்பினோம். பெற்றோரையும் கூட வரச் சொல்லியிருந்தேன். அந்தப் பெண்ணின் அப்பத்தா வந்தார்.

அன்றைக்கு என்னைவிட நன்றாகப் பாடம் நடத்தியவர் அவர்தான். நான் குடைவரையோடு நின்றிருப்பேன், அவர் தரையைக் காட்டினார். "மேடு எது, பள்ளம் எதுன்னு காலுக்குத் தெரியும் டீச்சரம்மா" என்றார். உண்மைதான். வேனில் போனால் சமதளமாகத் தெரியும் இந்தச் செம்மண் நிலம், நடக்கும்போது ஏறி இறங்குகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத இந்தச் சீமையில் வடகிழக்குப் பருவமழைதான் ஆதாரம். பாறைக் குன்றிலும் மேட்டிலும் விழும் மழை வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு வரும். கண்மாய் நிரம்பினால் உபரி நீர் கலுங்கில் வழிந்து கீழே உள்ள அடுத்த கண்மாய்க்குப் போகும். குடிநீருக்கு ஊருணி தனி. இதைக் கரும்பலகையில் பலமுறை வரைந்திருக்கிறேன். ஆனால் சீமைக்கருவேலம் மண்டிய ஒரு பள்ளத்தைக் காட்டி, "இது கால்வாய்தான், நாங்க குளிச்சிருக்கோம்" என்று அப்பத்தா சொன்னபோது பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களில் நாலைந்து பேருடைய வயல் கடைமடையில் இருக்கிறது. தண்ணீர் ஏன் வந்து சேரவில்லை என்று வீட்டில் நடக்கும் பேச்சு அவர்களுக்கு அன்றுதான் புரிந்தது. திரும்பி வந்ததும் வரைபடம் போட்டோம். நீர் போகும் வழி நீல நிறத்திலும் அடைபட்ட வழி சிவப்பிலுமாக வரைந்த அந்தத் தாளை, தலைமையாசிரியர் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்தார். ஊராட்சிக்கு மனுவும் போயிருக்கிறது.

செய்ய விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். முப்பது பேருக்கு மேல் வேண்டாம். பதினைந்து பேருக்கு ஒரு பெரியவராவது வேண்டும். பெற்றோரின் ஒப்புதல், தலைமையாசிரியரின் அனுமதி, முதலுதவிப் பெட்டி, தண்ணீர், தொப்பி எல்லாம் வழக்கம்போல. சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வரிசையாக நடக்க வேண்டும். முகூர்த்த நாளிலும் சதுர்த்தியிலும் போகாதீர்கள், கூட்டத்தில் எதையும் பார்க்க முடியாது. கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் கல்வெட்டருகே நின்று பேச நேரம் கிடைக்கும்.

பிரான்மலைக்கும் போகலாமே என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். பாரியின் பறம்பு மலை, அடிவாரத்தில் தேவாரப் பாடல் பெற்ற கோயில், உச்சியில் தர்கா, வணிகக் குழுவினரின் கல்வெட்டு என்று ஆசைப்பட நிறையவே உண்டு. ஆனால் ஏற்றம் கடினம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களை மட்டும், ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் நான் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட வேண்டும்.