நிரையும் நிரலும் இடம் மாறினால்...

உங்கள் வகுப்பின் மதிப்பெண் அட்டவணையைப் பார்த்திருப்பீர்கள். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பாடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. 40 மாணவர்கள், 5 பாடங்கள் என்று வைத்துக்கொள்வோம். கமலா எப்படிப் படிக்கிறாள் என்று அறிய, அவளுடைய வரியில் கண்ணை ஓட்டினால் போதும். கணக்கில் வகுப்பு முழுவதும் எப்படி என்று அறிய வேண்டுமானால், 40 வரிகளையும் மேலிருந்து கீழாகப் பார்த்து வரவேண்டும்.

பாடங்களை வரிகளாகவும் மாணவர்களைப் பத்திகளாகவும் மாற்றி எழுதுங்கள். கணக்கு மதிப்பெண்கள் அனைத்தும் ஒரே வரியில் வந்துவிடும்! எண்கள் மாறவில்லை, அவை நிற்கும் இடம்தான் மாறியது.

கணிதத்தில் படுக்கை வரிசையை நிரை என்றும், நெடுக்கு வரிசையை நிரல் என்றும் அழைக்கிறோம். நிரை, நிரலாக அடுக்கிய எண்களின் தொகுப்பே ‘அணி’. ஆங்கிலேயக் கணித மேதை ஆர்தர் கெய்லி, 1858-ஆம் ஆண்டில் அணிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த இடமாற்றத்தையும் விளக்கியுள்ளார். விதி எளியது: 2-ஆம் நிரை, 3-ஆம் நிரலில் உள்ள எண், 3-ஆம் நிரை, 2-ஆம் நிரலுக்குப் போகும்.

இணையப் பக்கங்களில் ஒரு பொத்தானை அழுத்தியதும் அட்டவணை இப்படித் திரும்புவது உண்டு. உள்ளே நடப்பது என்ன? இணையப் பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல். மொழியில் அட்டவணை என்பது நிரைகளின் தொகுப்பு. கட்டங்கள் எல்லாம் நிரைக்குள்தான் இருக்கும். எனவே, ஒரு நிரலை அப்படியே முழுதாகத் தூக்கி வைக்க முடியாது. புரோகிராம் ஒவ்வொரு நிரையாகச் சென்று, ஒவ்வொரு கட்டமாகப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கட்டத்தாளில் 4 நிரை, 4 நிரல் வரைந்து எண்களை நிரப்புங்கள். 16 கட்டங்களையும் வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றையும் அதன் இணையோடு இடம் மாற்றிக்கொண்டே வாருங்கள். முடிவில் என்ன கிடைக்கும்? பழைய அட்டவணையேதான்! ஒவ்வொரு இணையும் இருமுறை இடம் மாறித் திரும்பிவிட்டது. மூலைவிட்டத்துக்கு மேலே உள்ள 6 கட்டங்களை மட்டும் மாற்றினால் போதும். மூலைவிட்டத்தில் உள்ள நான்கும் அசைவதே இல்லை.

இன்னொரு தவறு இதைவிட ஆபத்தானது. எண்களை மாற்றிவிட்டுத் தலைப்புகளை மாற்ற மறந்தால்? 40 வரி, 5 பத்தி அட்டவணையில் தலைப்புகள் பொருந்தாமல் போய்ப் பிழை உடனே தெரிந்துவிடும். 4 மாணவர், 4 பாடம் என்றால் எல்லாம் சரியாகப் பொருந்துவதுபோலவே தோன்றும். ஆனால் கமலாவின் கணக்கு மதிப்பெண் வேறொருவர் பெயரில் நிற்கும்! எண் மட்டும் போதாது, அது யாருடையது என்பதும் அதோடு சேர்ந்தே பயணம் செய்யவேண்டும் அல்லவா?

சரி, 5 நிரை, 5 நிரல் கொண்ட அட்டவணைக்கு எத்தனை இடமாற்றங்கள் தேவை? கணக்கிட்டுப் பாருங்கள்.

(விடை: 10)