மாலைதீவோடு போட்டி: எமது அடுப்படிக்கு என்ன வரும்?

"மிஸ், வெள்ளைக்காரர் எல்லாம் மாலைதீவுக்குத்தான் போறாங்களாம். அப்ப எங்கட பக்கம் ஆர் வருவாங்க?"

உப்புவெளியில் நடந்த மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டமொன்றில் ஒரு சகோதரி என்னிடம் இப்படிக் கேட்டார். யுத்தத்தில் கணவரை இழந்தவர். கடற்கரை விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்துக் கொடுத்து மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். விடுதி அறைகள் வெறுமையாகக் கிடந்தால் இவருடைய அடுப்பும் எரியாது. ஆகவே நான் இந்தக் கேள்வியைச் சற்று ஆராய்ந்து பார்த்தேன்.

இரு நாடுகளின் கணக்கு

2018 இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். மாலைதீவுக்குச் சென்றவர்கள் ஏறத்தாழ 15 இலட்சம் பேர். பின்னர் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல், கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி என எமக்கு அடிமேல் அடி விழுந்தது. 2021 இல் மாலைதீவுக்கு 13 இலட்சம் பேர் சென்றபோது, இங்கு வந்தவர்கள் 2 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. 2024 இல் இரு நாடுகளுமே 20 இலட்சத்தைத் தாண்டின. அந்த ஆண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் மாலைதீவுக்கும் இடையே மனக்கசப்பு ஏற்பட்டு, அங்கு செல்லும் இந்தியரின் தொகை குறைந்தது. இலங்கைக்கு வந்த இந்தியரோ 4 இலட்சத்தைக் கடந்தார்கள்.

பருவகாலமும் எமக்குக் கைகொடுக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மாலைதீவுக்கு மழையைக் கொண்டு செல்கிறது. அதே மாதங்களில்தான் எமது கரையில் வெயில் எறிக்கிறது, கடல் அமைதியாகிறது, புறாத்தீவுக்குப் படகுகள் ஓடுகின்றன. எனவே பயணிகள் வருவார்கள். அவர்கள் செலவிடும் பணம் யாருடைய கைக்குப் போகிறது என்பதே எமது கேள்வியாக இருக்க வேண்டும்.

அயல்நாடு தரும் பாடம்

மாலைதீவில் சுற்றுலாத்துறை 1972 இல் ஆரம்பமானது. நீண்ட காலமாக விடுதிகள் மக்கள் குடியிராத தனித் தீவுகளிலேயே கட்டப்பட்டன. வேலைக்குப் போகும் பெண் வீட்டைவிட்டு அங்கேயே தங்க வேண்டும். பல குடும்பங்கள் அதற்குச் சம்மதிக்கவில்லை. 2009 இன் பின்னர் மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த வழி திறக்கப்பட்டது. மாஃபுஷி போன்ற ஊர்களில் குடும்பங்களே அறைகளை வாடகைக்கு விடத் தொடங்கின. பெண்களுக்கு வீட்டுக்கு அருகிலேயே உழைப்பு கிடைத்தது.

எமது ஊரிலும் "ஹோட்டல் வேலைக்குப் போறாளாம்" என்ற பேச்சுக்குப் பயந்து எத்தனை பெண்பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள்! அதேவேளை மாலைதீவு மரக்கறியையும் பழத்தையும் வெளிநாடுகளிலிருந்து, எமது நாட்டிலிருந்தும்கூட, வாங்க வேண்டியிருக்கிறது. எமக்கோ மீனும் தயிரும் கீரையும் வாசலிலேயே கிடைக்கின்றன. சமைக்கத் தெரிந்த கைகளும் இருக்கின்றன.

நாம் என்ன செய்யலாம்?

வீட்டில் ஓர் அறை மேலதிகமாக இருந்தால், வீட்டுத் தங்குமிடமாக இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்யலாம். சாப்பாடு விற்பவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையைப் பெறுங்கள். விடுதியில் வேலை செய்பவர்கள் நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்பட்டால், முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதத்தை அவரே கட்ட வேண்டும். இது சலுகை அல்ல, சட்டம். மாரி தொடங்கினால் வருமானம் குறையும். ஆகவே பருவகாலத்திலேயே சங்கத்தில் சிறுதொகை சேமியுங்கள்.

அந்தச் சகோதரி ஒரு விரிப்புக்கு வாங்கும் கூலியைச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் அதைவிடக் குறைவாகவும் மூன்றாமவர் இன்னும் குறைவாகவும் வாங்குவது அப்போதுதான் தெரியவந்தது. ஒரே ஒழுங்கையில் வசிக்கும் மூவரும் தம்மை அறியாமலே ஒருவரோடு ஒருவர் போட்டியிட்டுக் கூலியைக் குறைத்திருக்கிறார்கள்! இனி மூவரும் ஒரே விலைதான் சொல்வதென்று அன்றே முடிவெடுத்தார்கள்.

மாலைதீவோடு போட்டியிடுவதை நாடு பார்த்துக்கொள்ளட்டும். சகோதரிகளே, எமக்குள் இருக்கும் போட்டியை நாமே நிறுத்துவோம்.