ஒரு நாவலும் ஒரு வழக்கும்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர், சி. வி. ராமன் பிள்ளை என்னும் பெயரைப் பள்ளியிலே கேட்டிருப்பார்கள். பெற்றோராகிய நாமும் அவரை அறிந்துகொள்வது நல்லது. அவருடைய புத்தகம் ஒன்று நீதிமன்றம் வரை சென்ற வரலாறு, நம் ஒவ்வொரு வீட்டுக்கும் பாடமாயிருக்கிறது.

1858-ஆம் ஆண்டு இந்நகரத்தில் பிறந்த சி. வி., பிற்காலத்தில் திருவிதாங்கூர் அரசு அச்சகத்தின் கண்காணிப்பாளராகவும் பணியாற்றினார். ஆங்கில எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் சரித்திரக் கதைகள் அவரை ஈர்த்தன. அதன் பலனாக 1891-இல் 'மார்த்தாண்ட வர்மா' வெளிவந்தது. மலையாளத்தின் முதல் சரித்திர நாவல் இதுவே. 'தர்மராஜா', 'ராமராஜ பகதூர்' என்பவை அதைத் தொடர்ந்தன.

1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா அரியணை ஏறுமுன் சந்தித்த ஆபத்துகளே கதையின் பொருள். கதை நிகழும் பத்மநாபபுரம் 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அரசன் மெய்யானவன், கதையில் வரும் சுபத்திரை ஆசிரியரின் கற்பனை. பஞ்சவன்காட்டு யட்சியைப் பற்றிய கதையும் இடையே வருகிறது. சரித்திரம், கற்பனை, செவிவழிக் கதை ஆகிய மூன்றும் ஒரே நூலில் கலந்திருப்பதால், எது எது என்று பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டுவது பெற்றோரின் கடமை.

சி. வி. 1922-இல் காலமானார். 1933-இல் நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் இந்நாவலை மௌனப் படமாகத் தயாரித்தார். பி. வி. ராவ் இயக்கினார். திருவனந்தபுரம் கேபிடல் திரையரங்கில் படம் வெளியாயிற்று. ஆனால் நாவலின் உரிமையோ கமலாலயா புக் டிப்போ என்னும் பதிப்பகத்தாரிடம் இருந்தது. தங்கள் அனுமதியின்றிப் படமெடுத்தது உரிமை மீறல் என்று அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். படத்தின் பிரதி கைப்பற்றப்பட்டது; காட்சிகள் நின்றுபோயின. படமே ஓடாதபோது போட்ட முதல் எப்படித் திரும்பும்?

"கடையில் கிடைக்கும் புத்தகந்தானே, அதைப் படமாக்கினால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். விலைகொடுத்து வாங்கியவர் அந்த ஒரு பிரதிக்குத்தான் சொந்தக்காரர். அந்தக் கதையை மறுபடி அச்சிடவோ, மொழிபெயர்க்கவோ, படமாக்கவோ உரிமை எழுதினவருக்கும், அவரிடமிருந்து அதைப் பெற்றவருக்குமே உண்டு. ஆசிரியர் மறைந்தபின்னும் அந்த உரிமை மறைவதில்லை. இன்றைய இந்தியச் சட்டப்படி அது ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது.

இந்த வழக்குக்கு எவரும் எதிர்பாராத மற்றொரு விளைவும் உண்டு. கேரளத்தின் முதல் திரைப்படமான ஜே. சி. டேனியலின் 'விகதகுமாரன்' இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. 'மார்த்தாண்ட வர்மா' படமோ பதிப்பகத்தாரிடமே பல ஆண்டுகள் இருந்து, 1974-இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் கைக்கு வந்தது. திரையிடவிடாமல் தடுத்த வழக்கே அதை அழிவினின்று காத்தது எனலாம்.

இன்று படம் எடுக்குமளவுக்குப் பணம் நம்மில் பலரிடம் இல்லை. கைப்பேசியோ எல்லாரிடமும் இருக்கிறது. ஒருவர் வருஷக்கணக்காய் உழைத்து எழுதிய நூலை முழுவதும் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்ப ஒரு நிமிடம் போதும். பாட்டுப் புத்தகத்தை நகலெடுத்து நூறு பேருக்கு வழங்குவதை நற்செயலென்றே நினைக்கிறோம். எழுதினவரும், அச்சுக்கோத்தவரும், கடன்பட்டுப் பதிப்பித்தவரும் தங்கள் கூலியை இழக்கிறார்களே என்று சிந்திப்பதில்லை.

ஆகையால் பிரியமானவர்களே, புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். வாங்க இயலாதவர்களுக்குப் பாளையத்தில் அரசு மத்திய நூலகம் இருக்கிறது. நகலெடுக்க வேண்டுமானால் உரியவரிடம் கேளுங்கள். கேட்டுப் பெறுவதில் ஒரு குறைவும் இல்லை.